திக்நாகர்

திக்நாகர் (தின்னாகர் எனவும் எழுதப்படுவதுண்டு) கி.பி. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்த பௌத்த மெய்யியலாளர் ஆவார். இந்திய அளவையியலைப் புதிய அடித்தளத்தின் மீது நிறுவியவராக இவர் கருதப்படுகிறார். காஞ்சிபுரத்தை அடுத்த சிம்மவக்த்திரம் என்னும் ஊரில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. பிரமாணசமுச்சயம் இவருடைய தலையாய நூலாகும். மனிதனின் அறிவில் புலன்கள் தருவது எது, மனம் கற்பித்துக்கொள்வது எது என்று பிரித்துக் காட்டியதே இவர் மெய்யியலுக்கு அளித்த முதன்மையான பங்களிப்பாகும்.

வாழ்க்கைக்கான சான்றுகள்

திக்நாகரின் காலத்திலேயே எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு எதுவும் கிடைக்கவில்லை. சீனப் பயணி யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய குறிப்புகளும், திபெத்திய அறிஞர்களான புதோன் 14ஆம் நூற்றாண்டிலும் தாரநாதர் 1608ஆம் ஆண்டிலும் எழுதிய பௌத்த வரலாறுகளுமே முக்கியமான சான்றுகளாகும். இவற்றில் வரலாறும் தொன்மமும் கலந்துள்ளன. எனினும் திக்நாகரின் கருத்துகளைப் பிற்கால மரபு எவ்வாறு புரிந்துகொண்டது என்பதை இக்கதைகள் தெளிவாகக் காட்டுகின்றன.

இளமையும் துறவும்

திபெத்திய நூல்களின்படி இவர் அந்தணர் குடும்பத்தில் பிறந்து, வாத்சீபுத்திரீயம் என்னும் பௌத்தப் பிரிவைச் சேர்ந்த நாகதத்தரிடம் துறவு பெற்றார். ஐந்து கந்தங்களுடன் ஒன்றென்றோ வேறென்றோ சொல்ல முடியாத ஓர் ஆள் (புத்கலம்) உண்டு என்பது அப்பிரிவினரின் கொள்கை. அதனைத் தியானத்தில் தேடுமாறு ஆசிரியர் பணித்தார்.

திக்நாகர் பகலில் சாளரங்களைத் திறந்து வைத்தார். இரவில் நாற்புறமும் விளக்கேற்றினார். ஆடைகளைக் களைந்து தம் உடலை உள்ளும் புறமும் ஆராய்ந்தார். இதனைக் கேள்வியுற்ற ஆசிரியர் காரணம் வினவியபோது, எவ்வளவு தேடியும் அப்பொருள் தமக்குக் காணக் கிடைக்கவில்லை என்று திக்நாகர் விடையளித்தார். தம் கொள்கை இகழப்பட்டதாக எண்ணிய ஆசிரியர் அவரை வெளியேற்றினார். காணவும் ஊகிக்கவும் இயலாத ஒன்றை ஆசிரியர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஏற்க முடியுமா என்பதே இக்கதையில் அடங்கியுள்ள வினாவாகும்.

பின்னர் இவர் வடநாடு சென்று வசுபந்துவிடம் கல்வி கற்றதாக மரபு கூறுகிறது. நாலந்தாவில் சுதுர்ஜயன் என்னும் அந்தண வாதியை வென்றார் என்றும் அந்நூல்கள் குறிப்பிடுகின்றன.

குகையில் எழுதிய நூல்

தம் சிறு நூல்களில் சிதறிக் கிடந்த கருத்துகளை ஒன்றுதிரட்டிப் பிரமாணசமுச்சயத்தை எழுதத் தொடங்கியபோது திக்நாகர் ஒரு மலைக்குகையில் வாழ்ந்தார். திபெத்திய நூல்கள் அக்குகை ஒடிசாவில் இருந்ததாகக் கூறுகின்றன. யுவான் சுவாங்கோ, வேங்கி நகருக்கு அருகிலுள்ள தனிக்குன்று ஒன்றில் திக்நாகர் அளவை நூல் இயற்றினார் என்று எழுதியுள்ளார்.

திபெத்தியக் கதையின்படி, நூலின் முதற் செய்யுளைத் திக்நாகர் குகைச் சுவரில் எழுதிவிட்டு வெளியே சென்றார். கிருஷ்ணமுனிராசன் என்னும் எதிர்வாதி அதனை அழித்தான். இரண்டாம் முறையும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் முறை, எழுதியதில் பிழை இருந்தால் நேரில் வந்து வாதிடுமாறு திக்நாகர் குறிப்பு எழுதி வைத்தார். வாதத்தில் தோற்ற எதிரி தன் மந்திர ஆற்றலால் அவருடைய உடைமைகளை எரித்தான். மனம் தளர்ந்த திக்நாகர், கையிலிருந்த சுண்ணக்கட்டியை வானில் எறிந்து, அது தரையில் விழுந்தவுடன் பிறருக்கு உதவும் முயற்சியைக் கைவிடுவதென உறுதி பூண்டார். அது கீழே விழவில்லை. போதிசத்துவர் மஞ்சுசிறீ அதனைத் தாங்கிக்கொண்டு அவரை ஊக்குவித்தார் என்பது கதை. திக்நாகர் ஒடிசாவில் ஒரு காட்டில் காலமானார் என்று தாரநாதர் கூறுகிறார்.

காட்சியும் கற்பனையும்

திக்நாகருக்கு முன்பிருந்த அளவை நூலோர் பலர் காட்சி, கருதல், ஒப்பு, உரை முதலிய பல அளவைகளை ஏற்றனர். திக்நாகர் காட்சி, கருதல் என்னும் இரண்டை மட்டுமே ஏற்றார். அறியப்படும் பொருள் இருவகையே என்பது இதற்கு அவர் காட்டும் காரணம். ஒன்று தனக்கே உரிய இயல்பு (சுவலட்சணம்). மற்றொன்று பலவற்றுக்கும் பொதுவான இயல்பு (சாமானியலட்சணம்). முன்னதைக் காட்சியும் பின்னதைக் கருதலும் அறிகின்றன.

காட்சி என்பது கற்பனை நீங்கிய அறிவு என்று அவர் வரையறுத்தார். இங்குக் கற்பனை என்பது கவிஞரின் புனைவைக் குறிக்காது. புலன் தந்ததோடு ஒரு பெயரையோ பொதுமையையோ மனம் இணைப்பதே கற்பனையாகும். இதனை அவர் ஐந்தாக வகுத்தார்.

* பெயர்: ஒருவரை அவருடைய இயற்பெயரால் அறிதல்
* சாதி: ஒன்றைப் பசு என்று அறிதல்
* குணம்: வெள்ளை என்று அறிதல்
* செயல்: சமைப்பவர் என்று அறிதல்
* பொருள்: கோலை உடையவர் என்று அறிதல்

இக்கொள்கையின்படி கண் நீலத்தைக் காண்கிறது. அது நீலம் என்று கண் அறிவதில்லை. அவ்வாறு அறிவது மனத்தின் வேலை. ஆகவே கானல் நீரை நீர் என்று எண்ணும் பிழை மனத்தில் எழுவதாகும். பின்வந்த தருமகீர்த்தி, கண்நோயால் நிலவு இரண்டாகத் தோன்றுவது போன்றவற்றை விலக்கும் பொருட்டுக் காட்சி பிழையற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்று வரையறையில் சேர்த்தார்.

கருதலும் அதன் விதிகளும்

புலன் தருவது உண்மை எனினும் அது எதையும் சொல்வதில்லை. கற்பனையால் சொல்ல முடியும் எனினும் அது பொருளை நேரே தொடுவதில்லை. அவ்வாறாயின் கற்பனையின் வழிப்பட்ட கருதல் எவ்வாறு மெய்யறிவாகும்? அதனை விதிகளால் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே திக்நாகரின் விடை. ஏதுவானது மூன்று இயல்புகளைப் பெற்றிருக்க வேண்டும்.

1. நிறுவப்பட வேண்டிய இடத்தில் (பக்கம்) அது இருத்தல் வேண்டும்.
2. அதனை ஒத்த இடங்களில் (சபக்கம்) இருத்தல் வேண்டும்.
3. மாறான இடங்களில் (விபக்கம்) இல்லாதிருத்தல் வேண்டும்.

ஏது சபக்கத்திலும் விபக்கத்திலும் முழுவதும் இருக்கலாம், ஓரளவு இருக்கலாம், இல்லாதிருக்கலாம். இவற்றைப் பெருக்கி ஒன்பது வகைகளை ஏதுசக்கரம் என்னும் சிறு நூலில் அவர் அட்டவணைப்படுத்தினார். இவற்றுள் 2 மட்டுமே செல்லுபடியாகும். 2 முரணானவை, எஞ்சிய 5 ஐயத்துக்குரியவை.

எடுத்துக்காட்டு

மலையில் புகை கண்டு நெருப்பு உண்டெனக் கருதுவது இந்திய அளவையியலின் பழைய எடுத்துக்காட்டு. இதனை மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைக் கொண்டு விளக்கலாம். கம்பத்திலோ சின்னமனூரிலோ நின்று மலைச்சரிவை நோக்கும் ஒருவருக்கு வெண்ணிறத் தோற்றம் ஒன்று தென்படுகிறது. அத்தோற்றமே காட்சி. அதனை மேகம், பனி, புகை என்று பெயரிட்டு அறிவது கற்பனை. புகை என்று துணிந்து அங்கு நெருப்பு உண்டெனக் கொள்வது கருதல். அடுக்களை சபக்கம், ஏரி விபக்கம். பனியோ புகையோ என்னும் ஐயம் நீங்காதவரை அந்த ஏதுவைக் கொண்டு நெருப்பை நிறுவ முடியாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று இம்மாவட்டத்தின் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற பலர் உயிரிழந்தனர். கோடைக்கால மலைச்சரிவில் தெரியும் வெண்மையைப் பனி என்று கொள்வதா, புகை என்று கொள்வதா என்பது உயிரைப் பற்றிய வினாவாகவும் அமையக்கூடும்.

மணிமேகலையில்

தமிழில் இக்கோட்பாட்டின் சுவடு மணிமேகலைக் காப்பியத்தில் காணப்படுகிறது. 27ஆம் காதையில் வஞ்சி நகரில் அளவைவாதி பத்து அளவைகளை மணிமேகலைக்கு எடுத்துரைக்கிறான். 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அளவைகள் இரண்டே என்று கற்பிக்கிறார். அங்குக் காட்சி, சுட்டுணர்வு என்று அழைக்கப்படுகிறது. நாமம், சாதி, குணம், கிரியை ஆகிய நான்கும் அதிலிருந்து நீக்கப்படுகின்றன. பனியைப் புகை என ஐயுற்று நெருப்பை நிறுவும் குற்றமும் அங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

இக்காதை, திக்நாகரின் மரபைச் சேர்ந்த நியாயப்பிரவேசம் என்னும் நூலைத் தழுவியது என்று குப்புசாமி சாத்திரி முதலிய அறிஞர் கருதினர். சா. கிருஷ்ணசாமி ஐயங்கார், மணிமேகலை திக்நாகருக்கு முற்பட்டது என்று 1928ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் வாதிட்டார். காப்பியத்தின் காலம் குறித்த ஆய்வில் இவ்விவாதம் முக்கிய இடம் பெறுகிறது.

எதிர்ப்பும் தாக்கமும்

உரையளவை தனி அளவையன்று, அது கருதலில் அடங்கும் என்று திக்நாகர் கூறியதனால் வேதத்தைத் தனிப் பிரமாணமாகக் கொண்டோர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். நியாய மரபில் உத்தியோதகரரும், மீமாஞ்சையில் குமாரில பட்டரும், சமணத்தில் மல்லவாதியும் அவரை மறுத்து எழுதினர்.

சமணருடைய பழைய கொள்கை திக்நாகருக்கு நேர் மாறானது. புலன்வழி அறிவை அவர்கள் மறைமுக அறிவாகவே கொண்டனர். புலன்களின் துணையின்றி உயிர் தானே அறிவதே நேரடி அறிவு என்றனர். மேலே குறிப்பிட்ட கம்பம் பள்ளத்தாக்கிலேயே, உத்தமபாளையத்தில், தீர்த்தங்கரர்களின் பாறைச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. பௌத்தரோடு வாதிட்ட சமயம் தமிழகத்தில் வேரூன்றியிருந்ததற்கு இவை சான்றாகும்.

மேலைநாட்டு மெய்யியலுடன் ஒப்பீடு

ஐரோப்பியப் பகுத்தறிவுவாத மெய்யியலாளருள் தெக்கார்ட்டு (1596–1650) புலன்கள் ஏமாற்றக்கூடியவை என்பதிலிருந்து தொடங்கினார். இசுப்பினோசா (1632–1677) கற்பனையை அறிவின் கீழ்ப்படியில் வைத்து, பிழைகளுக்கு அதுவே காரணம் என்றார். பிழை மனத்தின் கற்பிப்பில் எழுகிறது என்பதில் திக்நாகர் இசுப்பினோசாவுக்கு நெருக்கமானவர். ஆனால் புலன்களை அவர் ஐயுறவில்லை. உருசிய அறிஞர் செர்பாத்சுகி, திக்நாகர் மரபை இம்மானுவேல் காண்ட்டுடன் ஒப்பிட்டு 1930–1932 காலப்பகுதியில் விரிவான நூலை வெளியிட்டார்.

நூல்கள்

* பிரமாணசமுச்சயம்: ஆறு இயல்களைக் கொண்டது. சொல்லானது பிறவற்றை விலக்குவதன் மூலமே பொருளை உணர்த்துகிறது என்னும் அபோகக் கொள்கை இதன் ஐந்தாம் இயலில் உள்ளது.
* ஆலம்பனபரீட்சை: அறிவுக்குப் புறத்தே பற்றுக்கோடு உண்டா என்பதை ஆராய்வது.
* நியாயமுகம்: யுவான் சுவாங்கின் சீன மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது.
* ஏதுசக்கரம்

பிரமாணசமுச்சயத்தின் வடமொழி மூலம் நெடுங்காலம் மறைந்திருந்தது. இரண்டு திபெத்திய மொழிபெயர்ப்புகளே எஞ்சின. மைசூரைச் சேர்ந்த எச். ஆர். ரங்கசாமி ஐயங்கார் முதல் இயலைத் திபெத்தியத்திலிருந்து வடமொழிக்கு மீட்டு 1930இல் வெளியிட்டார். சினேந்திரபுத்தி எழுதிய உரையின் வடமொழிச் சுவடியைக் கொண்டு எர்ன்சுட்டு இசுட்டைன்கெல்னர் அவ்வியலை 2005இல் மீண்டும் அமைத்தார். குகைச் சுவரில் இருமுறை அழிக்கப்பட்டதாகக் கதை கூறும் முதற் செய்யுள் இவ்வியலின் தொடக்கத்தில் அமைந்துள்ளது.