கடலடியில் ஒலித்த குரல்

லாயிட் பிரிட்ஜஸ் 1913இல் கலிபோர்னியாவில் பிறந்த நடிகர். பொதுவுடைமைத் தொடர்புடையவர் என்ற ஐயத்தால் 1950களின் தொடக்கத்தில் திரையுலகம் அவரை ஒதுக்கியது. விசாரணைக் குழுவுடன் ஒத்துழைத்த பின்னரே மீண்டும் வேடங்கள் கிட்டின. அதைப் பெருமையென்று நான் சொல்லமாட்டேன்.

1958இல் 'சீ ஹன்ட்' தொலைக்காட்சித் தொடர் வந்தது. பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் மறுத்ததால், அது ஊர் ஊராக நிலையங்களுக்கு விற்கப்பட்டது. முன்னாள் கடற்படை முக்குளிப்பு வீரராக அவர் நடித்தார். போரில் மூழ்கிய செல்வமும் தேடினார். நீருக்குள் வசனம் ஏது? அவர் குரலே பின்னணியில் கதை சொல்லிற்று. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். விரைந்து மேலெழுந்தால் குருதியில் நைட்ரஜன் குமிழியிடும். இயற்பியல் படிக்கும் எனக்கு, புதையலைவிட இந்த ஆபத்தே சுவையானது! தொடக்கத்தில் மாற்று ஆளே மூழ்கினார். நாளடைவில் பிரிட்ஜசும் பழகிக்கொண்டார். 1961 வரை 155 பகுதிகள் வந்தன. 1998இல் அவர் மறைந்தார்.