அடையாறு பாலத்துக்குப் பின்னால ஒரு லஞ்ச் பிரேக் கதை!

ஆபீஸ் முடிஞ்சு அடையாறு பாலத்து டிராஃபிக்ல நிக்கிறீங்களா? அந்தப் பாலத்தோட பேரு திரு.வி.க. பாலம். நீங்க மதியம் நிம்மதியா டிபன் பாக்ஸைத் திறக்கிறதுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கு!

1883-ல் பிறந்த திரு.வி.கலியாணசுந்தரனார் ராயப்பேட்டைவாசி. ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதினார், வெஸ்லி பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1917-ல் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார்.

அப்போ பெரம்பூர் மில்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை. நடுவில் சாப்பாட்டுக்குக் கிடைச்சது சொற்ப நேரம். ஓடிப்போய் அள்ளி விழுங்கிட்டுத் திரும்பணும். எல்லாரும் புலம்பினாங்க, ஆனா தனித்தனியா. அந்தப் புலம்பலைக் காதுகொடுத்துக் கேட்டவங்க செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். அவங்க முயற்சியில, அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி.வாடியா தலைவராக, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுதான்னு சொல்வாங்க. திரு.வி.க. துணைத்தலைவர்.

வாடியா பம்பாய்ப் பார்சி. தொழிலாளிக்குப் புரியுற தமிழ்ல உரிமையைப் பேசினவர் திரு.வி.க. அரசியல் மேடைகளில் ஆங்கிலம் கோலோச்சிய காலம் அது!

உடனே எல்லாம் மாறிடலை. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. மில் நிர்வாகம் கோர்ட்டுக்குப் போய் வாடியாவுக்குத் தடையுத்தரவு வாங்கியது. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. சாதியால் தொழிலாளர்கள் இரண்டுபட்டார்கள், போராட்டம் தோற்றது. திரு.வி.க.வை நாடுகடத்துவோம்னு கவர்னர் வெலிங்டன் பிரபு மிரட்டினார். அவர் ஒதுங்கலை. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1947-ல், அறுபதைத் தாண்டிய வயதிலும், மில் போராட்டத்துக்காக வீட்டுக்காவலில் இருந்தார். 1953-ல் மறைந்தார்.

இதுல நமக்கு என்ன இருக்கு? ஆபீஸ் கலாசாரம் மாறணும்னா பெரிய கொள்கையிலிருந்துதான் தொடங்கணும்னு இல்லை. அங்கே அது சாப்பாட்டு நேரத்திலிருந்து தொடங்கியது. அதே கதையில் இன்னொரு பாடமும் இருக்கு: ஒண்ணா நின்னப்போ சங்கம் உருவாச்சு, பிரிஞ்சப்போ போராட்டம் தோத்துச்சு.

உங்க டீம்ல எல்லாரும் தனித்தனியா முணுமுணுக்கிற விஷயம் எது? நாளைக்கு லஞ்ச்ல அதைச் சேர்ந்து பேசிப் பாருங்க!