நோபல் பரிசுக்கு அப்புறம் சி.வி.ராமன் என்ன செஞ்சாரு? 573 டிகிரியில் அவர் கண்ட அதிசயம்!

சி.வி.ராமன்னு சொன்னதும் நோபல் பரிசும், கடல் ஏன் நீலமா இருக்கு என்ற கேள்வியும்தான் நினைவுக்கு வரும். ஆனா ஒரு பொருள் நிலை மாறும்போது அதுக்கு உள்ளே என்ன நடக்குது என்பதை, ஒளியை வைத்தே எட்டிப் பார்த்தவரும் அவர்தான். பாடப்புத்தகத்தில் அதிகம் பேசப்படாத அந்தக் கதையைப் பார்க்கலாம்.

திருச்சி பையன், கல்கத்தா அதிகாரி

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம் தீவு. அங்கே, பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரிய திருவானைக்காவலில், தாய்வழித் தாத்தா வீட்டில் 1888 நவம்பர் 7-ம் தேதி பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்க, 1892-ல் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது.

11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறிய ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1907-ல் எம்.ஏ. முடித்தார். அதே ஆண்டு நிதித்துறைத் தேர்வில் முதலிடம். கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரி ஆனார். கைநிறைய சம்பளம், அந்தஸ்து எல்லாம் இருந்தது. ஆனா மனசு ஆய்வகத்தில்தான். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பவுபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சோதனைகள் செய்தார். 1917-ல் அந்த அரசு வேலையையே விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

ஒளியின் வரவு செலவு

1928 பிப்ரவரி 28. ராமனும் அவருடைய மாணவர் கே.எஸ்.கிருஷ்ணனும் சேர்ந்து செய்த சோதனைகளில் ராமன் விளைவு உறுதியானது. இது ஒரு கணக்கு நோட்டு மாதிரிதான்.

ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளி விழுகிறது. சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் திரும்பும். சுமார் 1 கோடியில் ஒரு துகள் மட்டும் மூலக்கூறுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளியே வரும். சில நேரம் மூலக்கூறிடம் இருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டும் வரும். எவ்வளவு மாறியது என்று பார்த்தால், அந்த மூலக்கூறு எவ்வளவு வேகமா அதிர்கிறது என்று தெரிந்துவிடும். இதற்காக 1930-ல் ராமனுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

வெப்பம் எங்கே போகுது?

ஐஸ் உருகும்போது அதில் ஒரு தெர்மாமீட்டரை வையுங்க. முழுசா உருகும் வரை 0 டிகிரியிலேயே நிற்கும். வெளியிலிருந்து வெப்பம் போய்க்கொண்டே இருக்கும், ஆனா சூடு ஏறாது. 1 கிராம் ஐஸ் உருகச் சுமார் 334 ஜூல் ஆற்றல் வேணும். 100 டிகிரியில் 1 கிராம் தண்ணீர் ஆவியாக அதைப் போல் ஆறு மடங்குக்கும் மேல், சுமார் 2,260 ஜூல் வேணும். மூலக்கூறுகளுக்கு இடையிலான பிடியைத் தளர்த்தவே இந்த ஆற்றல் செலவாகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். நீராவி திரும்பத் தண்ணீரானால் அதே ஆற்றல் வெளியே வரும். நீராவி பட்டால் சுடுதண்ணியைவிட மோசமா சுடுவது அதனால்தான்.

திருச்சி வெயிலில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதுக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையில் இருந்தே எடுத்துக்கொள்கிறது.

காவிரி மணலில் இருக்கும் குவார்ட்ஸ்

காவிரி மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான். இது உருகுவதற்கு ரொம்ப முன்னாடியே, சுமார் 573 டிகிரி செல்சியஸில், திடப்பொருளாகவே இருந்துகொண்டு உள் அமைப்பை மாற்றிக்கொள்ளும். அப்போதும் கொஞ்சம் வெப்பத்தை உள்வாங்கும்.

ராமன் 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். அங்கே ஏற்பட்ட மோதல்களால் 1937-ல் அந்தப் பதவியை விட்டு விலகினார். ஆனா பேராசிரியராக ஆய்வைத் தொடர்ந்தார். 1940-ல் அவரும் நெடுங்காடியும் குவார்ட்ஸைச் சூடாக்கி, சிதறும் ஒளியைக் கவனித்தார்கள். 573 டிகிரியை நெருங்க நெருங்க, ஒரு குறிப்பிட்ட அதிர்வு மட்டும் வேகம் குறைந்து, கலங்கி, மங்கியது. பம்பரம் சாயுறதுக்கு முன்னாடி தள்ளாடுற மாதிரி! நிலைமாற்றம் வரப்போகுது என்பதை அந்த அதிர்வு முன்கூட்டியே காட்டிக் கொடுத்தது.

நேச்சர் இதழில் வெளியான அந்தக் குறிப்பின் முழு முக்கியத்துவம் சுமார் 20 ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. மென் அதிர்வுக் கோட்பாடு 1960-ஐ ஒட்டி உருவானபோது, அதுக்கு முன்னோடிச் சான்றாக ராமனின் சோதனை நின்றது. இதில் ஒரு முரணும் இருக்கு. அந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளம் மாக்ஸ் பார்னின் படிக அதிர்வுக் கணக்கு. அதைப் பல ஆண்டுகள் பிடிவாதமாக எதிர்த்தவர் ராமன். அந்த விவாதத்தில் பார்ன் சொன்னதே சரி என்று பின்னர் தெரிந்தது. ஆனா ராமன் கண்ணால் கண்டது பொய்க்கவில்லை.

இன்னைக்கு என்ன பயன்?

ஒரே மருந்து இரண்டு வித படிகங்களாக இருந்தால், உடலில் கரையும் வேகம் மாறலாம். எது எந்தப் படிகம் என்று கண்டுபிடிக்க மருந்து ஆய்வகங்கள் ராமன் கருவியைப் பயன்படுத்துகின்றன. 2021-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் வாகனத்திலும் அந்தக் கருவி இருக்கு.

1948-ல் தன் பெயரிலான ஆய்வு நிறுவனத்தைப் பெங்களூரில் தொடங்கி, கடைசி வரை அங்கேயே உழைத்த ராமன் 1970 நவம்பர் 21-ம் தேதி காலமானார். அந்த நிறுவனத்தின் தோட்டத்திலேயே அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் தினமாக ஒவ்வொரு வருஷமும் நாம கொண்டாடுறது, அவர் கண்டுபிடிப்பின் நினைவாகத்தான்.