இறைவழி தேர்ந்த கால்டுவெல்

முன்னுரை

இறைப்பணியே தம் வாழ்வெனத் துணிந்தார் எவர்க்கும் ஒரு வினா எழுவது இயல்பு. உள்ளத்தில் எழுந்த விருப்பம் இறைவன் காட்டிய வழிதானா, அன்றித் தம் ஆசையே இறைவழிபோல் தோன்றுகின்றதா என்பதே அவ்வினா. ஒரு செயலில் இறங்குமுன் நன்மை எதுவெனக் காட்டுமாறு இறைவனை வேண்டித் தொழும் 'இஸ்திகாரா' நம்மிடையே உண்டு. ஆதலின் இவ்வினா ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவராக நாம் வகுப்பறையில் போற்றும் இராபர்ட் கால்டுவெல், வாழ்நாள் முழுவதும் இவ்வினாவுக்கு விடை தேடியவர் எனலாம். இலக்கண அறிஞராக அவரை அறிந்த அளவிற்கு, வழி தேடிய மனிதராக அவரை நாம் அறிந்திலோம்.

தூரிகையை விட்ட இளைஞர்

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் ஆண்ட்ரிம் என்னும் ஊரின் அருகே ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்குப் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகர்க்குப் பெயர்ந்தது. இளமையில் அவர் டப்ளின் சென்று ஓவியம் பயின்றார். கைவரப்பெற்ற கலையும் இறைவன் அளித்த கொடையே. அதனை விடுத்து வேறு வழி செல்வது எளிய முடிவன்று. ஆயினும் 1833இல் கிளாஸ்கோ திரும்பிய அவர், தூரிகையை வைத்துவிட்டுச் சமயப் பணிக்குத் தம்மை ஒப்படைத்தார்.

இலண்டன் மிஷனரி சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. ஆனால் உடனே கப்பலேற்றவில்லை. கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பயிலச் செய்தது. உள்ளத்தின் அழைப்பைக் கல்வியாலும் காத்திருப்பாலும் புடமிட்டுப் பார்த்த காலம் அது. ஆங்குக் கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்போர்டு ஆற்றிய விரிவுரைகள் அவருள் ஒப்பியல் மொழியாய்வின் வித்தை ஊன்றின. அவ்வித்து எந்நிலத்தில் முளைக்கும் என்பதை அன்று அவரும் அறிந்திலர்.

சங்கம் மாறிய துணிவு

1838 ஜனவரி 8ஆம் நாள் அவர் சென்னை வந்திறங்கினார். உடன் பயணம் செய்த தெலுங்கறிஞர் சி. பி. பிரௌன் அவர்க்குக் கப்பலிலேயே மொழிப்பயிற்சி அளித்தார். சென்னையில் மூன்றாண்டுகள் தங்கித் தமிழ் பயின்று பணியாற்றினார். இக்காலத்தில், தாம் சார்ந்திருந்த திருச்சபை முறையைவிட ஆங்கிலத் திருச்சபை முறையே தமக்கு ஏற்றது என்னும் எண்ணம் அவருள் வலுத்தது. 1841இல் இலண்டன் சங்கத்தை விட்டு எஸ்.பி.ஜி. சங்கத்தில் இணைந்தார்.

தம்மைக் கற்பித்துக் கடல் கடந்து அனுப்பிய சங்கத்தை விட்டு விலகுவோரை நன்றி மறந்தவர் என உலகம் கருத இடமுண்டு. அப்பழியையும் ஏற்கத் துணிந்தே அவர் மாறினார். பணி ஒன்றே, பணிக்குச் செல்லும் வாயில் மட்டும் மாறியது. ஒருமுறை தேர்ந்த வழியை மீண்டும் ஆராய்தல் இறைவழிக்கு மாறானது ஆகாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

நடந்து கண்ட நாடு

பின்னர் அவர் மேற்கொண்ட பயணம் வியப்புக்குரியது. சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டார். தஞ்சை, நீலகிரி, மதுரை வழியே நடந்து திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். வழியில் உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். பல்லக்கில் சென்றிருப்பின் மக்களைத் தூரத்தே கண்டிருப்பார்; நடந்தமையால் அவர்தம் பேச்சும் வாழ்வும் அவர் செவிக்கும் கண்ணுக்கும் அணுக்கமாயின.

1841 இறுதியில் அவர் சென்று சேர்ந்த இடையன்குடி, செம்மணல் தேரியும் பனையும் சூழ்ந்த சிற்றூர். நகர வாழ்வையும் புகழையும் விரும்புவோர் நாடும் இடமன்று. அங்கேயே ஐம்பதாண்டுகள் பணியாற்றினார். ஊரைத் தெருக்களாக வகுத்தார், பள்ளிகள் கண்டார். 1844இல் மணந்த துணைவியார் எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார். 1847இல் தொடங்கிய தேவாலயப் பணி 1880இல்தான் நிறைவுற்றது. முப்பத்து மூன்று ஆண்டுப் பொறுமையே அவர்தம் அழைப்பின் உண்மைக்குச் சான்று.

மொழியும் பணியே

சமயப் பணிக்கு வந்தவர் இலக்கண ஆய்வில் மூழ்கியது வழிவிலகல் ஆகாதோ என ஐயுறலாம். மக்கள் மொழியை அறியாது அவர்க்குத் தொண்டு செய்தல் இயலாது. மொழியை ஆழ்ந்து கற்றவர்க்கோ அதன் உறவுமொழிகளும் தாமே புலப்படும். 1816இல் எல்லிஸ் சுட்டிய உண்மையை விரித்து நிறுவிய ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. துணைப்பணியாகத் தோன்றிய அதுவே அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

1881இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு நமக்கு மிகவும் அணுக்கமானது. தென்காசியும் குற்றாலமும் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. தென்காசிப் பாண்டியர் வரலாற்றை அவர் ஆராய்ந்தார். அதிவீரராம பாண்டியரின் காலத்தை அறியக் குற்றாலக் கல்வெட்டைச் சான்றாகக் கொண்டார். கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்தும் பார்த்தார்.

இடறிய இடம்

இறைவழி நடப்போரும் இடறுவர். 1849இல் நாடார் சமூகம் பற்றி அவர் எழுதிய நூல், அவர் யாருக்காகத் தம் நாட்டைத் துறந்து வந்தாரோ அம்மக்களையே புண்படுத்தியது. பிற்காலத்தில் கடும் எதிர்ப்பும் எழுந்தது. அழைப்பு உண்மையாயிருத்தல் ஒன்று. அழைக்கப்பெற்றவர் கூறுவன யாவும் சரியாயிருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல், சமயத் தொண்டர் எவர்க்கும் நேரக்கூடிய இடர்.

முடிவுரை

1877இல் ஆயரான கால்டுவெல், அக்காலத்துப் பெரும் பஞ்சத்தில் மக்கள் துயர் துடைக்க உழைத்தார். 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்தார். அவர்தம் உடல் இடையன்குடிக்குக் கொணரப்பெற்று, அவர் எழுப்பிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது.

அவர் வாழ்வில் வழி முழுவதும் ஒரே நாளில் வெளிப்படவில்லை. ஓவியக்கூடத்தில் இருந்தபோது கல்லூரியும், கல்லூரியில் இருந்தபோது தமிழும், சென்னையில் இருந்தபோது இடையன்குடியும் அவர்க்குத் தெரியா. கண்முன் இருந்த அடுத்த அடியை நேர்மையோடு எடுத்து வைத்தார். தவறிய அடியும் அவற்றுள் உண்டு. கல்வி முடித்து எத்துறை புகுவதென மயங்கி நிற்கும் நம் மாணவர்கள், முடிவிடம் தெரியவில்லையே எனக் கலங்க வேண்டுவதில்லை. வேண்டுதலும், பெரியோர் அறிவுரையும், கையிலுள்ள பணியில் குன்றா உழைப்புமே அடுத்த அடிக்குப் போதுமான வெளிச்சம் என நாம் துணிந்து கூறலாம்.