கல்விக்கண் திறந்த கர்மவீரர்



நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவங்க. எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் மலருக்குக் கட்டுரை கேட்டதும், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு தலைவரைப் பற்றித்தான் எழுதணும்னு தோன்றியது.

1903 ஜூலை 15-ல் விருதுப்பட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், குமாரசாமி - சிவகாமி அம்மாள் தம்பதியரின் மகனாகப் பிறந்தார் காமராசர். ஆறு வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் தள்ளாடியது. படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தார். 1919-ல் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலை அவரை உலுக்கியது, காங்கிரஸ் தொண்டரானார். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்துக்காக அலிப்பூர் சிறைக்குப் போனார். மொத்தத்தில் சுமார் 9 ஆண்டுகள் அவருக்குச் சிறையிலேயே கழிந்தன.

1954 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானார். வந்ததும் அரைநேரப் படிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. பசியோடு வரும் பிள்ளை எப்படிப் படிக்கும்? 1956-ல் மதிய உணவு வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை இலவசக் கல்வி வந்தது. பாலிடெக்னிக்குகளும் பெருகின.

ஆனால் பிள்ளைகள் வர வர, இடம் போதவில்லை. கட்டடம் இருந்தால் பெஞ்சு இல்லை; பெஞ்சு இருந்தால் கரும்பலகை இல்லை. எல்லாவற்றுக்கும் அரசிடம் பணமும் இல்லை. அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. அவர் முன்நின்று நடத்த, முதலமைச்சரின் முழு ஆதரவோடு 1958-ல் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தொடங்கியது. முதல் மாநாடு செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் நடந்தது. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியல் போடுவார்கள். ஊர்மக்கள் ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்வார்கள். வசதி உள்ளவர் வகுப்பறை கட்டிக் கொடுப்பார். மற்றவர்கள் நாற்காலி, கடிகாரம், வரைபடம், தண்ணீர்ப் பானை என்று முடிந்ததைக் கொடுப்பார்கள்.

எங்க ஊர்ப் பள்ளிக்கும் அப்படிச் சாமான் சேர்த்தார்களாம். எங்க தாத்தாவோட அம்மா, கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தைத் தூக்கிக் கொடுத்துட்டாங்களாம். அவங்களுக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. அந்தக் குடத்துத் தண்ணியைத் தாத்தா இரண்டு வருஷம் குடித்தார். பிறகு ஆடு மேய்க்கப் போய்விட்டார். குடத்துக்குப் பலன் கிடைக்க, நான் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

1963 அக்டோபர் 2-ல், கட்சிப் பணிக்காகப் பதவியைத் தானே விட்டார் காமராசர். 1967 தேர்தலில் சொந்த ஊரிலேயே தோற்றார். 1975-ல் அதே அக்டோபர் 2-ல் காலமானார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை. 1976-ல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது.

நண்பர்களே, ஒன்று கேட்கிறேன். நான் வெர்னியர் காலிப்பரைக் கையில் தொட்டதே இங்கே முதலாம் ஆண்டில்தான். நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் ஆய்வகம் இருந்தது. ஆனால் கூரை ஒழுகும், மழைக்காலத்தில் பூட்டியே கிடக்கும். இன்றைக்குப் பள்ளிக்குக் குடம் மட்டும் போதாது. ஒழுகாத கூரை வேணும், ஆய்வகம் வேணும், கம்ப்யூட்டர் வேணும். முன்னாள் மாணவர்களும் உதவலாம் என்று 2022-ல் அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. நம்மிடம் பணம் இல்லைதான். ஆனால் கைத்தொழில் இருக்கே! தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சிவில் நண்பர்கள் கூரை எங்கே ஒழுகுதுன்னு பார்த்து மதிப்பீடு போட்டுக் கொடுக்கலாம். எலக்ட்ரிக்கல் நண்பர்கள், ஆசிரியர் துணையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயரிங்கைச் சரிபார்க்கலாம்.

எழுதத் தெரியாத ஒரு அம்மா குடம் கொடுத்தார். டிப்ளமோ படிக்கிற நாம் என்ன கொடுக்கப் போகிறோம்?

வாழ்க பெருந்தலைவர் புகழ்!