பம்பாயில் இழந்தார், பஸ்ஸில் மீண்டார்!

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால், கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகலாம். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு லாரி ஏறித்தான் கீழே வருகிறது. கடன் வாங்கியாவது சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அங்கே உண்டு. கூடவே பயமும் உண்டு. தவணை கட்ட முடியாமல் போனால் என்ன செய்வது?

ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஒருவர் கோவைப் பக்கத்தில் இருந்தார். அதற்கு முன்பே ஒரு முறை பணக்காரராகி, அவ்வளவையும் தொலைத்தவர் அவர். அவர்தான் ஜி.டி.நாயுடு.

ஓட்டல் வேலை

1893-ம் ஆண்டு, கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் நாயுடு பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி நாயுடுவின் மனதைப் பிடித்துக்கொண்டது. வாங்கப் பணம் ஏது? கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறிச் சுற்றினாரா? இல்லை! அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடியும் மாட்டினார். பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது இந்தப் படிப்புதான்.

கை விட்ட பஞ்சு

பிறகு பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப்போர் சமயம் அது. பணம் கொட்டியது. இன்னும் சம்பாதிக்கலாம் என்று பம்பாய்க்குப் போனார்.

பஞ்சு விலை உள்ளூர்க்காரர் சொன்னபடி கேட்காது. லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் விலை அசைந்தால் பம்பாயிலும் அசையும். நாயுடுவின் பணம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அப்போது கைகொடுத்தவர், கோவையில் ஆலைகள் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் உதவியால் 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். இந்த உதவி கிடைத்திராவிட்டால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓடியது. டிரைவர் யார்? முதலாளியேதான்!

பஞ்சு வியாபாரத்தில் லாபமா நஷ்டமா என்பது சந்தையின் கையில் இருந்தது. பஸ்ஸில் அப்படி அல்ல. அன்றாடம் ரொக்கம் வரும். இன்று எத்தனை பேர் ஏறினார்கள், பெட்ரோலுக்கு எவ்வளவு, டயருக்கு எவ்வளவு என்று ராத்திரியே கணக்குப் பார்த்துவிடலாம். மிச்சம் தெரிந்துவிட்டால் கடன்காரன் முகம் கனவில் வராது. பஸ் நின்றுபோனால்தான் வருமானம் நிற்கும். எஞ்சினையே கழற்றி மாட்டத் தெரிந்தவருக்கு அந்தக் கவலையும் குறைவு.

ஒரு பஸ் பல பஸ்ஸாயிற்று. யு.எம்.எஸ். என்ற அவருடைய கம்பெனியின் பஸ்கள் நேரம் தவறாமல் ஓடிப் பெயர் வாங்கின. 1930-களில் அவை இருநூறைத் தாண்டின.

பணக் கவலை தீர்ந்தவர் சும்மா இருக்கவில்லை. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே மின்சார மோட்டார் தயாரித்தார். மின்சார சவரக் கத்தி செய்தார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கவும் துணை நின்றார். பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை செய்த வேலை இது!

வரிகள் மீது அவருக்குக் கடுங்கோபம் இருந்தது. தாம் செய்த பொருள்களைத் தாமே பலர் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். அதைச் சரி என்றவர்களும் உண்டு, வீம்பு என்றவர்களும் உண்டு.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். அவர் சேர்த்த கருவிகள் கோவை அவிநாசி சாலையில் உள்ள கண்காட்சியில் இருக்கின்றன.