ஊர்க்காரரைக் கேட்ட நகரமைப்பாளர்

1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த பேட்ரிக் கெடிஸ் படித்தது உயிரியல். பேர் வாங்கியது நகரமைப்பில். 1914-ல் இந்தியா வந்தார். அவருடைய கண்காட்சிப் படங்களை எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்தது. மனுஷர் அசரவில்லை. மதுரை, தஞ்சாவூர் சந்துகளில் நடந்தே சுற்றி, வீடுகளை இடிக்காமல் தெருவைச் சீராக்க வழி சொன்னார். 1918-ல் இந்தூருக்கு அறிக்கை தந்தார். அங்கே பிளேக் பயம். தீபாவளி ஊர்வலம் சுத்தமான தெருக்கள் வழியாகத்தான் போகும் என்றார். ஜனங்களே தெருவைக் கூட்டி, வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். 1932-ல் காலமானார்.

தம்பிகளே, நாளைக்கு நம்ம திருவண்ணாமலையில் புது நகருக்கு மனை பிரிக்கப் போறது நீங்கதான். மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு வரைபடத்துக்கு முன்னாடி அங்கே குடியிருக்கிறவங்களைக் கேளுங்க.